கொடைக்கானல் குளிருக்கு எந்தக் கையடக்க அடுப்பு?

கையடக்கச் சமையல் செட் வாங்கப் போகிறவர்கள் முதலில் எடையைத்தான் பார்க்கிறார்கள். 25 கிராம் அடுப்பு, 100 கிராம் டைட்டானியம் கப் என்று தேடல் நீளும். பழனி மலையிலும் நீலகிரியிலும் எடை மூன்றாவது கேள்விதான். முதல் கேள்வி எரிபொருள். அது இங்கே கிடைக்குமா, விடியற்காலைக் குளிரில் எரியுமா, அதை வைத்துக்கொண்டு ரயிலில் ஏற முடியுமா? இரண்டாவது கேள்வி, நீங்கள் உட்காரப்போகிற இடத்தில் தீ மூட்ட அனுமதி உண்டா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் அடுப்பு ஏறக்குறையத் தானாகவே முடிவாகிவிடும். ஏனம், அதாவது சமைக்கிற பாத்திரம், அதற்குப் பிறகு.

எங்கள் முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம். ஒரே ஒரு பொருள் வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் அடுப்பு வேண்டாம், வாய் அகன்ற நல்ல பிளாஸ்க் வாங்குங்கள். இரண்டாவது பொருளாக மரை போட்ட டின்னில் பொருத்தும் சின்ன கேஸ் அடுப்பு. காரில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்குக் கதை வேறு. ஸ்பிரிட் அடுப்பும் சுள்ளி அடுப்பும் பார்க்க அழகு, ஆனால் இந்த மலைகளுக்குப் பொருந்துவது அரிது.

93 டிகிரியில் என்ன வேகும்

கொடைக்கானல் ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா 2,637. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கும். குன்னூர், கோத்தகிரியில் 94. தொட்டபெட்டா உச்சியில் 91-ஐ ஒட்டி நிற்கும். தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் இதற்கு மேல் சூடு ஏறாது. தண்ணீர் வேகமாக வற்றும், கேஸ் தீரும், அவ்வளவுதான்.

அரிசியின் மாவுச்சத்து 80 டிகிரிக்குக் கீழேயே இளகத் தொடங்கிவிடும். அதனால் சோறு வேகும், நேரம்தான் கூடும். அரை மணி ஊறவைத்த பச்சரிசி என்றால் சிக்கல் இல்லை. ரவை, சேமியா, அவல், நூடுல்ஸ் எதற்கும் தொல்லை இல்லை. துவரம்பருப்பும் கொண்டைக்கடலையும்தான் ஏமாற்றும். ஒரு மணி நேரம் கொதித்த பிறகும் பருப்பு தனித்தனியாக நிற்கும். கையடக்க செட்டில் பருப்பு வேண்டுமென்றால் பாசிப்பருப்பு மட்டும், அதுவும் வறுத்து ஊறவைத்தது.

சின்ன பிரஷர் குக்கர் இதற்குத் தீர்வாகாதா என்று கேட்கலாம். ஆகும். ஒன்றரை லிட்டர் குக்கர்கூடக் கிடைக்கிறது. ஆனால் குக்கரின் எடைக்கல், வெளிக்காற்றழுத்தத்துக்கு மேல் சுமார் ஒரு கிலோ அழுத்தம் ஏறினால் தூக்கிக்கொள்ளும். இங்கே வெளிக்காற்றழுத்தமே குறைவு என்பதால், சமவெளியில் 120 டிகிரி தொடுகிற குக்கர் கொடைக்கானலில் 116-ஐ ஒட்டியே நிற்கும். ஒரு விசில் கூட விடுங்கள். குக்கர் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும், ஆகவே அது காருக்கு மட்டும்.

ஓடைத் தண்ணீரைக் குடிக்கக் கொதிக்க வைப்பதிலும் உயரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2,000 மீட்டருக்குக் கீழே ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும், அதற்கு மேலே மூன்று நிமிடம். கோத்தகிரிக்கு ஒன்று, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மூன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

பிளாஸ்க்: தீ இல்லாத சமையல்

வனத்துறை அனுமதியோடு போகிற நடைப்பயணம் எதுவானாலும் காட்டுக்குள் தீ கூடாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றம். கொடைக்கானலைச் சுற்றியுள்ள காடு 2013-இலிருந்து வனவிலங்கு சரணாலயம். 2018 மார்ச் 11-இல் குரங்கணியில் பற்றிய காட்டுத்தீ மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோனது. அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. ‘சின்ன கேஸ் அடுப்புதானே’ என்ற பேச்சு செக்போஸ்ட்டில் எடுபடாது, எடுபடவும் கூடாது. காய்ந்த புல்வெளியில் அடுப்பு ஒரு தடவை கவிழ்ந்தால் போதும்.

அதனால் நடைக்குப் பிளாஸ்க்தான். இரண்டு வகை உண்டு. கழுத்து குறுகியது டீக்கும் வெந்நீருக்கும். வாய் அகன்றது சாப்பாட்டுக்கு. இரண்டில் ஒன்றுதான் என்றால் வாய் அகன்ற 500 அல்லது 750 மி.லி. வகை. குறுகிய கழுத்துள்ளது சூட்டை அதிக நேரம் பிடித்து வைக்கும், ஆனால் அதற்குள் உப்புமா போட்டால் கழுவ முடியாது. இரட்டைச் சுவர் ஸ்டீல் என்று மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். இரண்டு சுவருக்கும் நடுவே வெற்றிடம் இருக்க வேண்டும். கடையில் சோதிக்க எளிய வழி உண்டு. வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் வேண்டாம். மூடியின் கழுத்தோரம் மட்டும் இளஞ்சூடாக இருப்பது இயல்பு.

பிளாஸ்க் சமையல் பெரும்பாலும் இரண்டு காரணத்தால் கெட்டுப்போகும். ஒன்று, முன்சூடு செய்யாதது. கொதிநீர் நிரப்பி மூடி ஐந்து நிமிடம் வைத்து, அதைக் கொட்டிவிட்டு, உடனே சமையலுக்கான கொதிநீரை ஊற்ற வேண்டும். குளிர்ந்த ஸ்டீல் முதல் நிமிடத்திலேயே பல டிகிரியைத் தின்றுவிடும். 93-இல் தொடங்குகிற நமக்கு அந்த இழப்பு கட்டுபடியாகாது. இரண்டு, பாதி மட்டும் நிரப்புவது. மேலே காலி இடம் எவ்வளவோ அவ்வளவு சீக்கிரம் ஆறும். 500 மி.லி. பிளாஸ்க்கில் 450 மி.லி. வரை இருக்கட்டும்.

அளவுகள். வறுத்துத் தாளித்த ரவை 60 கிராமுக்கு 180 முதல் 200 மி.லி. கொதிநீர், ஒரே கிளறு, மூடி, பத்து நிமிடம். கெட்டி அவல் 60 கிராமுக்கு 150 மி.லி. இவை இரண்டும் சின்ன அளவு. பிளாஸ்க் நிறையாது, ஆனால் சீக்கிரம் முடிகிற வேலை என்பதால் பரவாயில்லை. நேரம் பிடிக்கிற கஞ்சிக்குத்தான் நிரப்பும் விதி முக்கியம். நொய் 40 கிராம், வறுத்த பாசிப்பருப்பு 20 கிராம், தண்ணீர் 400 மி.லி., நாலு பல் பூண்டு தட்டிப் போட்டு விடுதியிலோ வீட்டிலோ ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு அப்படியே பிளாஸ்க்குக்கு மாற்றினால் இரண்டு மணி நேரத்தில் கஞ்சி. கொடைக்கானல் மலைப்பூண்டு போட்டால் இரண்டு பல் போதும், காரம் தூக்கலாக இருக்கும். நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய சோறும் கஞ்சியும் கிருமிகளுக்குச் சொர்க்கம்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். மலைச் சந்தையில் பட்டர் பீன்ஸும் சிவப்புக் காராமணிபோல இருக்கிற ராஜ்மா வகைகளும் கண்ணைப் பறிக்கும். ராஜ்மாவை எந்தக் காரணத்துக்காகவும் பிளாஸ்க்கில் வேகவைக்காதீர்கள். அதிலுள்ள லெக்டின் என்ற நச்சு நன்றாகக் கொதித்தால்தான் அழியும். 80 டிகிரியில் ஊறிக் கிடந்தால் பச்சையாகத் தின்றதைவிடவும் வயிற்றைப் புரட்டிவிடும். அதற்குக் குக்கர் மட்டுமே.

இன்னொன்று. மலையேறும் முன் அடிவாரத்தில், வத்தலக்குண்டிலோ மேட்டுப்பாளையத்திலோ டீக்கடையில் வெந்நீர் வாங்கி நிரப்பினால் அது 99 டிகிரியில் உள்ளே போகும். மேலே போய் நிரப்பினால் 93. அந்த ஆறு டிகிரி மதியம் தெரியும்.

கேஸ்: மரை டின்னா, நீள டின்னா

தீ மூட்ட அனுமதி உள்ள இடம் என்றால் கேஸை விஞ்ச எதுவும் இல்லை. எஸ்டேட் முகாம், ஹோம்ஸ்டே முற்றம், சொந்தத் தோட்டம் எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். சந்தையில் இரண்டு வகை டின் வருகிறது.

மரை டின் என்பது குட்டையாக, அடிப்பக்கம் அகன்று, மேலே திருகுமரை உள்ளது. 110, 230, 450 கிராம் அளவுகளில் வரும். பெரும்பாலும் ஐசோபியூட்டேன், புரொப்பேன், பியூட்டேன் கலவை. நீள டின் என்பது ஹேர் ஸ்பிரே டப்பா மாதிரி உயரமாக, 220 அல்லது 225 கிராம் வெறும் பியூட்டேன் அடைத்தது. சூட்கேஸ் போன்ற பெட்டியில் வருகிற போர்ட்டபிள் கேஸ் அடுப்புக்கு இதுதான். நீள டின் விலை குறைவு, கிடைப்பதும் எளிது. மரை டின்னை மலையேற்றச் சாமான் விற்கிற கடைகளிலோ ஆன்லைனிலோதான் தேட வேண்டும், விலையும் கூடுதல். அப்படியிருந்தும் டிசம்பர், ஜனவரியில் மரை டின்தான் என்று சொல்வதற்கு வலுவான காரணம் இருக்கிறது.

டின்னுக்குள் இருப்பது திரவம். அது ஆவியானால்தான் அடுப்புக்கு வரும். கடல்மட்டத்தில் பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியில் ஆவியாகும், ஐசோபியூட்டேன் மைனஸ் 11.7-இல், புரொப்பேன் மைனஸ் 42-இல். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் பியூட்டேனுக்கு இங்கே சில டிகிரி சலுகை கிடைக்கும். ஆனால் அந்தச் சலுகையை டின்னே விழுங்கிவிடுகிறது. எரிய எரிய, ஆவியாவதற்கான வெப்பத்தை மிச்சமிருக்கும் திரவத்திலிருந்தே உறிஞ்சும். டின் வெளிக் குளிரைவிடப் பல டிகிரி கீழே போகும். அதன் மேல் பனி பூப்பது அதனால்தான். மன்னவனூரிலோ தலைக்குந்தாவிலோ புல்லில் உறைபனி படிகிற விடியலில் நீள டின்னைப் பற்றவைத்தால் முதலில் நன்றாக எரியும். மூன்று நிமிடத்தில் தீ குறுகும். தண்ணீர் கொதிக்கும் முன்பே நீல மொட்டாக நின்றுவிடும். டின்னை ஆட்டிப் பார்த்தால் உள்ளே திரவம் சலசலக்கும். கேஸ் தீரவில்லை, அதற்கு ஆவியாகத் தெம்பில்லை.

இதற்கு மருந்து, டின்னைக் குளிரவிடாமல் வைப்பது. இரவு போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுங்கள். சமைக்கும்போது மரை டின்னை ஒரு தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்தலாம். கை பொறுக்கிற சூடு போதும். கொதிநீர் கூடாது, தீயில் காட்டவே கூடாது.

கலவை டின்னிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அதில் புரொப்பேன்தான் முந்திக்கொண்டு எரிகிறது. டின் பாதிக்கு மேல் காலியானால் மிஞ்சுவது பெரும்பாலும் கனமான பியூட்டேன்தான். ஆகவே பழைய டின்னை மதியச் சமையலுக்கும் புது டின்னை விடியற்காலை டீக்கும் ஒதுக்குங்கள். தலைகீழாகச் செய்துவிட்டு ‘கலவை டின்னும் உதவவில்லை’ என்று சொல்கிறவர்கள் நிறைய.

எவ்வளவு கேஸ் தேவை? 15 டிகிரித் தண்ணீர் அரை லிட்டரைக் காற்றில்லாத இடத்தில் மூடி போட்டுக் கொதிக்கவைக்க 7 முதல் 8 கிராம். மூடியில்லாமல், காற்று அடிக்கிற இடத்தில் அது 12-ஐத் தாண்டும். ஒரு ஆளுக்கு ஒரு நாள் இரண்டு டீ, ஒரு சூடான சாப்பாடு என்றால் 35 முதல் 40 கிராம் ஒதுக்குங்கள். 230 கிராம் டின் இரண்டு பேருக்கு மூன்று நாள் வரும். மிச்சம் எவ்வளவு என்று தெரிய வீட்டுத் தராசே போதும். புதிதாக வாங்கியவுடன் எடைபோட்டு டின் மேலேயே மார்க்கரில் எழுதிவையுங்கள்.

அடுப்பில், டின் தலையில் நேராகத் திருகுகிற வகை மிகச் சின்னது. 25 கிராமிலிருந்து 100 கிராம் வரை. 25 கிராம் அடுப்புக்குக் கால்கள் குறுகல், 750 மி.லி. ஏனத்துக்கு மேல் வைத்தால் தள்ளாடும். 80 முதல் 100 கிராம் எடையில், தீ வருகிற தலை சற்றுக் குழிந்து இருக்கிற அடுப்பு வட்டக்கானல் காற்றுக்குத் தாங்கும். குழாய் வைத்த, தரையில் உட்காரும் அடுப்பு 200 கிராம்வரை வரும். பெரிய பாத்திரத்துக்கும் நாலு பேருக்கும் அதுதான் பத்திரம். காற்றுத் தடுப்பைச் சுற்றிலும் வைக்கலாம் என்பது அதன் பெரிய வசதி.

இந்த இடத்தில்தான் விபத்து நடக்கிறது. நேராகத் திருகும் அடுப்பில் அலுமினியத் தகட்டைச் சுற்றிலும் நிறுத்தித் தீயையும் டின்னையும் சேர்த்து அடைத்துவிட்டால், சூடு கீழே திரும்பி டின்னைக் காய்ச்சும். டின் வெடிக்கும். தடுப்பு தீயின் மட்டத்துக்கு மட்டும், காற்று வரும் திசையில் மட்டும். அடிக்கடி டின்னைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே அணையுங்கள். அகலமான தோசைக்கல்லை இந்தச் சின்ன அடுப்பில் வைப்பதும் இதே ஆபத்து. கல் குடைபோல் கவிந்து சூட்டைக் கீழே அனுப்பும்.

நீள டின்னை மரை அடுப்பில் மாட்டுகிற அடாப்டர் கிடைக்கிறது. செலவு மிச்சம்தான். நீள டின்னின் கழுத்து வளையத்தில் ஒரு வெட்டு இருக்கும். படுக்கவைக்கும்போது அந்த வெட்டு மேல்பக்கம் வர வேண்டும். உள்ளே வளைந்த குழாயின் நுனி அப்போதுதான் திரவத்துக்கு மேலே, ஆவி இருக்கிற இடத்தில் நிற்கும். வெட்டு கீழே போனால் திரவமே அடுப்புக்கு வந்து முழ உயரத்துக்கு மஞ்சள் தீ எழும்பும். சூட்கேஸ் அடுப்பில் இந்தப் பிழைக்கு இடமில்லை, டின் ஒரே வாக்கில்தான் உட்காரும். அழுத்தம் கூடினால் டின்னைத் தானே கழற்றிவிடும் ஏற்பாடும் நல்ல சூட்கேஸ் அடுப்புகளில் உண்டு. ஒன்றரைக் கிலோ எடை காருக்கு ஒரு பொருட்டில்லை. குழந்தைகளோடு பூம்பாறைப் பக்கம் வருகிற குடும்பத்துக்கு இதைவிட நல்லது கிடையாது, பெரிய கடாயும் வைக்கலாம். கடுங்குளிர் மாதங்களில் டின்னைச் சூடாக வைக்கும் பாடு மட்டும் இருக்கும்.

காலி நீள டின்னில் வீட்டு சிலிண்டரிலிருந்து எல்பிஜி அடைத்துக் கொடுக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சட்டவிரோதம் என்பது இருக்கட்டும். 20 டிகிரியில் பியூட்டேனின் அழுத்தம் சுமார் 2 பார், புரொப்பேனின் அழுத்தம் 8-க்கும் மேல். வீட்டு கேஸில் புரொப்பேனும் இருக்கிறது. பியூட்டேனுக்கென்று செய்த மெல்லிய தகரம் அதற்குத் தாங்காது. அடிவாரத்தில் கார் வெயிலில் நின்றால் போதும். நல்ல டின்னையே 50 டிகிரிக்கு மேல் வைக்கக்கூடாது என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும். மே மாதம் பழனியிலோ மேட்டுப்பாளையத்திலோ மூடிய காருக்குள் அந்தச் சூடு எளிதாக ஏறிவிடும்.

ரயிலில் கேஸ் டின், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதையும் கொண்டுபோக 1989 ரயில்வே சட்டம் இடம்கொடுக்காது. ஊட்டி மலை ரயிலுக்கும் கொடைரோடு வழி வருகிற எந்த ரயிலுக்கும் இதுவே. விமானமும் அப்படித்தான். ஆக, வெளியூரிலிருந்து ரயிலில் வருகிறவர் டின்னை மலையில் வந்துதான் வாங்க வேண்டும். அங்கே மரை டின் கிடைப்பது உறுதியில்லை, நீள டின் கிடைக்க வாய்ப்பு கூடுதல். மரை அடுப்பு வைத்திருப்பவர்களும் அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

ஸ்பிரிட், கட்டி, சுள்ளி

ஸ்பிரிட் அடுப்பு எளிமையானது. அசையும் பாகம் இல்லை, கெட்டுப்போக ஒன்றுமில்லை. பித்தளையில் செய்தது 110 கிராம் இருக்கும். 20 முதல் 25 மி.லி. ஸ்பிரிட்டில் அரை லிட்டர் கொதிக்கும். எங்கும் இதைப் பரிந்துரைக்கலாம், தமிழ்நாட்டில் முடியாது. டினேச்சர்ட் ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், பிரெஞ்ச் பாலிஷ் மூன்றின் விற்பனையும் இருப்பும் இங்கே உரிமத்தோடு கட்டுப்படுத்தப்பட்டவை. 2024-இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் நேர்ந்த சாவுகளுக்குப் பிறகு கெடுபிடி ஏன் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மருந்துக்கடை ஐசோபுரொப்பைல் எரியும், ஆனால் ஏனத்தின் அடி கரியாகிவிடும். சானிட்டைசர் கசடு விடும். எரிகிற அடுப்பில் ஸ்பிரிட் ஊற்றுவதுதான் இதில் நிகழும் பெரும்பாலான தீக்காயத்துக்குக் காரணம். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துப் பாட்டிலைச் சாய்ப்பார்கள்.

ஹெக்ஸமின் கட்டி என்பது திட எரிபொருள், ராணுவத்தில் பழக்கமானது. 14 கிராம் கட்டி ஒன்று, நல்ல தடுப்புக்குள் வைத்தால் அரை லிட்டரைக் கொதிக்கவைக்கும். மீன் நாற்றம் அடிக்கும், ஏனத்தின் அடியில் பிசுக்கு ஒட்டும். சிந்தாது, கசியாது என்பதால் அவசரத்துக்கு இரண்டு கட்டி வைத்துக்கொள்ளலாம். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு சேர்த்து வைக்காதீர்கள், அது நஞ்சு. அன்றாடம் சமைக்க இது வேண்டாம்.

சுள்ளி அடுப்பை விற்கிறவர்கள் ‘எரிபொருள் காட்டில் இலவசம்’ என்பார்கள். அந்தக் காட்டில் சுள்ளி பொறுக்கவும் தடை, மூட்டவும் தடை. சொந்தத் தோட்டத்தில் மட்டும் பயன்படும். அங்கேயும் விறகைப் பார்த்து எடுங்கள். சீகை (வாட்டில்) மரச் சுள்ளி காய்ந்திருந்தால் நன்றாக நின்று எரியும். கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலை எண்ணெயால் குபீரென்று பற்றி உடனே அடங்கும், தீ மூட்ட மட்டும் உதவும். பைன் பிசின் ஏனத்தைத் தார் பூசினதுபோல் ஆக்கிவிடும். மழைக்காலம் இரண்டு மலைக்கும் வேறு வேறு. நீலகிரியின் மேற்குப் பக்கம் ஜூன், ஜூலையில் ஊறிக்கிடக்கும். கொடைக்கானலுக்கு அக்டோபர், நவம்பரில்தான் பெருமழை. அந்த மாதங்களில் சுள்ளி அடுப்பை நம்பினால் புகை மட்டுமே சாப்பாடு.

மின்சாரத்தில் இரண்டு வரி. அறையில் தங்குகிறவருக்கு அரை லிட்டர் கெட்டில் எல்லாவற்றையும் விட வசதி, விடுதிக்காரர் அனுமதித்தால். காரின் 12 வோல்ட் கெட்டில் 120 வாட் அளவில்தான் இழுக்கும். அரை லிட்டர் கொதிக்க 25 நிமிடத்துக்கு மேல் ஆகும். வத்தலக்குண்டில் செருகினால் பண்ணைக்காட்டுப் பிரிவு வரும்போது டீ போடலாம், அவ்வளவுதான் அதன் வேகம்.

எந்த அடுப்பானாலும் மூடிய அறைக்குள்ளும் கூடாரத்துக்குள்ளும் வேண்டாம். குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி இறந்துபோனவர்கள் பற்றிய செய்தி கொடைக்கானலிலிருந்து வந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலியை மலைக் குளிர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஏனமும் உள்ளே அடுக்குவதும்

ஏனத்துக்கு டைட்டானியம், அலுமினியம், எவர்சில்வர் என்று மூன்று தேர்வு. 750 மி.லி. டைட்டானியம் கப் 100 முதல் 130 கிராம். சூட்டைக் கடத்துவதில் ஸ்டீலைப் போலவே மந்தம், அதுவும் மெல்லிய தகடு. தீ படுகிற வட்டத்தில் உப்புமா கருகும், ஓரத்தில் ரவை பச்சையாக இருக்கும். தண்ணீர் கொதிக்கவைக்க மட்டும் என்றால் சரி. அனோடைஸ் செய்த அலுமினியம் கொஞ்சம் கூடுதல் எடை, ஆனால் சூடு பரவும். நம் சமையலில் தாளிப்பது, கிளறுவது உண்டு என்பதால் அடுப்போடு போகிறவருக்கு எங்கள் தேர்வு இதுதான். புளி, தக்காளி அதில் ஊறக்கூடாது, பூச்சு தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும். அடியில் மடிப்புத் தகடு வைத்த பாத்திரங்கள் கேஸைக் கணிசமாக மிச்சப்படுத்தும். தண்ணீர் காய்ச்சுவதைத் தவிர வேறு எதற்கும் ஒத்துவராது.

வீட்டிலிருக்கும் எவர்சில்வர் தூக்கைத் தள்ளிவிடாதீர்கள். மூடி இறுக்கமாக உட்காரும், கைப்பிடி இருக்கிறது, கீழே விழுந்தால் நெளியுமே தவிர உடையாது. 200 கிராமுக்கு மேல் இருக்கும், போகட்டும். அடி கனமாகப் பார்த்து எடுங்கள். கொதிக்கும்போது மூடியை இறுக்காமல் மேலே வைக்க வேண்டும், இறுக்கினால் ஆவி தள்ளிச் சிதறும்.

அளவெடுப்பதில் ஒரு நுணுக்கம். 110 கிராம் மரை டின்னின் விட்டம் 90 மி.மீ., 230 கிராம் டின் 110 மி.மீ. ஏனத்தின் உள்விட்டம் 112 மி.மீ.-க்குக் குறைந்தால் பெரிய டின் உள்ளே போகாது. போனால் அடுப்பு, லைட்டர், கரண்டி எல்லாம் அதே ஏனத்துக்குள் அடங்கிவிடும். டின்னின் அடிக்குழிவில் மடித்த பருத்தித் துணி வையுங்கள். உரசாது, சத்தம் வராது, சூடான ஏனத்தைப் பிடிக்கவும் ஆகும். நீள டின் எந்தச் சின்ன ஏனத்துக்குள்ளும் அடங்காது, தனியே பைக்குப் பக்கத்தில்தான்.

உடன் போக வேண்டியவை:
- அடுப்பிலேயே தட்டிப் பற்றவைக்கும் பொத்தான் இருந்தாலும் லைட்டர் ஒன்று, தண்ணீர் புகாத டப்பாவில் தீப்பெட்டி ஒன்று. மஞ்சு இறங்கினால் அந்தப் பொத்தான் முதலில் கைவிடும்.
- நீளக் கைப்பிடிக் கரண்டி. பிளாஸ்க்கின் அடிவரை எட்ட வேண்டும்.
- எண்ணெய் 30 மி.லி., திருகு மூடி போட்ட சின்ன பாட்டிலில், அதையும் ஜிப் பையில் போட்டு. மேலே போகப்போக பாட்டிலுக்குள் இருக்கிற காற்று வெளித்தள்ளும், கசிவதற்கு அதுவே காரணம்.
- உப்பு, மிளகுத்தூள், சுக்குக் காபித்தூள், பால் பவுடர். குறுகிய கப்பில் பால் காய்ச்சினால் பொங்கி அடுப்பை அணைத்துவிடும்.

தாளித்த ரவையை வீட்டில் செய்து கொண்டுபோகிறவர்கள் தேங்காய் சேர்க்காதீர்கள். கறிவேப்பிலை ஈரம் போக மொறுமொறுவென்று வறுபட வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் நாளே பூசணம் பிடிக்கும். பொட்டலத்துக்கு டப்பாவே நல்லது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் 5 லிட்டருக்குக் குறைந்த பெட் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. தண்ணீரை ஸ்டீல் பாட்டிலில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மிச்சம் மீதியை வெளியே கொட்டக்கூடாது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடிக்கு எண்ணெய் வாசனை போதும். கொடைக்கானலில் காட்டுமாடு ஊருக்குள்ளேயே நிற்கும், குரங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏனத்தைத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எடுத்து வந்து, தங்குமிடத்தில் கழுவுங்கள்.

யாருக்கு எது

அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போகிறவர், எஸ்டேட் வேலைக்குக் காலையில் கிளம்புகிறவர், வனத்துறை நடைக்குப் பெயர் கொடுத்தவர் எல்லாருக்கும் வாய் அகன்ற பிளாஸ்க், ஒரு எவர்சில்வர் டம்ளர், நீளக் கரண்டி. காலிப் பிளாஸ்க் 350 கிராம் என்று வைத்தாலும் மொத்தம் அரைக் கிலோவுக்குள். அனுமதியுள்ள முகாமில் ஓரிரு இரவு தங்குகிற இரண்டு பேருக்கு 100 கிராம் அடுப்பு, 230 கிராம் மரை டின், 112 மி.மீ. அலுமினிய ஏனம், மூன்றும் சேர்ந்து சுமார் 650 கிராம். டின்னின் தகர எடையே 150 கிராம் என்பதை மறக்க வேண்டாம். பிளாஸ்க்கும் சேர்ந்தால் கேஸ் செலவு குறையும். ஒரு கொதி கொதித்ததும் பிளாஸ்க்குக்கு மாற்றிவிடலாம், தீயை எரியவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. காரில் வருகிறவருக்குச் சூட்கேஸ் அடுப்பும் சின்னக் குக்கரும். ரயிலில் வந்து மலையில் சமைக்க நினைக்கிறவர் மரை அடுப்பு, அடாப்டர் இரண்டையும் கொண்டுவந்து, டின்னை மேலே வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் பிளாஸ்க் கைகொடுக்கும்.

வாங்கி வந்ததும் வீட்டு மொட்டைமாடியில் ஒருமுறை முழுதாகச் சமைத்துப் பாருங்கள். மரை மாட்டும்போது அடுப்பின் குமிழ் மூடியிருக்க வேண்டும், கையால் திருகினால் போதும், குறடு வேண்டாம். மாட்டியபின் இணைப்பில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் போய்விட்டது என்று பொருள். அந்தக் கறுப்பு வளையம் காய்ந்து வெடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் நகத்தால் தொட்டுப் பார்க்க வேண்டும். அதே அடுப்புக்கான உபரி வளையம் ஒன்றை லைட்டரோடு சேர்த்துக் கட்டிவையுங்கள்.